பாட்டுக் கேட்ட யானையும் கேட்காத யானையும்

முன்னொரு காலத்திலே, எந்தக் காலம், எந்த நாடு என்று என்னைக் குடையாதீர்கள், ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். வரியைக் கூட்ட மாட்டார், பசியென்று வந்தவனை விரட்ட மாட்டார். ஆனால் அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. எதைப் பார்த்தாலும் இரண்டு வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட வேண்டும்.

ஒருநாள் மீசை வைத்தவர்களை ஒரு வரிசையாகவும், மழித்தவர்களை ஒரு வரிசையாகவும் நிறுத்திச் சிலம்பம் சுற்றச் சொன்னார். மீசை வரிசையில் நின்றவர்கள் படைவீரர்கள். மழித்த வரிசையில் நின்றவர்கள் கணக்கர்களும் சமையல்காரர்களும். யார் ஜெயித்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? ராஜா உச்சி குளிர்ந்து போனார். வீரம் மீசையில்தான் இருக்கிறது, ஆகையால் அரண்மனையில் ஆண்பிள்ளையாகப் பிறந்த ஒவ்வொருவனும் மீசை வளர்க்க வேண்டும் என்று அன்றைக்கே தண்டோரா போட்டுவிட்டார். அப்புறம் மடைப்பள்ளியில் சமையல்காரர்கள் மீசையில் ரசம் சொட்டத் திரிந்ததுதான் மிச்சம். வளர்த்த பிறகு ஒருத்தனுக்காவது வீரம் கூடியதா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அரண்மனையில் விகடம் பண்ணிப் பிழைத்தவன் மருதக்கூத்தன். பாவம், அவனுக்கும் மீசை வைக்க வேண்டியதாயிற்று. மூக்குக்குக் கீழே இந்தப் பக்கம் நாலு மயிர், அந்தப் பக்கம் ஐந்து மயிர். எந்நேரமும் அரிப்பு. ஆனாலும் ராஜாவுக்கு அவன்மேல் பிரியம் அதிகம். சபை முடிந்ததும் "கூத்தா, வா" என்று தோளில் கை போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். அதைப் பார்த்து வயிறு எரிந்து கிடந்தவர் பிரதானி அரங்கப்பர். ராஜாவின் வரிசைக் கிறுக்குக்குத் தூபம் போட்டு வளர்த்தவரும் அவரேதான். கயிறு கட்டுவதும் ஆட்களை நிறுத்துவதும் அவர் பொறுப்பு.

இந்த நாட்டில் யானைக் கொட்டில் இரண்டு. மேற்குக் கொட்டில் யானைகள் அரண்மனையிலேயே பிறந்து வளர்ந்தவை. குட்டியிலேயே மனிதர் கையால் வெல்லம் தின்று பழகியவை. கிழக்குக் கொட்டில் யானைகள் அப்படியில்லை. காட்டில் குழி வெட்டிப் பிடித்துக் கொண்டுவந்தவை. தாயை விட்டு, கூட்டத்தை விட்டு வந்த கோபம் உள்ளுக்குள்ளேயே கிடக்கும். சங்கிலி அறுக்காத மாதம் கிடையாது. அவற்றிலும் பெரிய முரடன் ஒருவன் இருந்தான். காடன் என்று பெயர்.

கிழக்குக் கொட்டிலுக்குத் தழை வெட்டிப் போடுகிறவள் மாடத்தி. தழை உருவிக்கொண்டே ஏதாவது பாடுவாள். ஒருநாள் அந்த வழியாகப் போன கூத்தன், அவள் பாடும்போது காடன் காதை மெல்ல ஆட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதைக் கண்டான். போய் ராஜாவிடம் சொன்னான். ராஜாவும், "பாடட்டுமே, நாளுக்கு ஒரு படி அரிசி கூடக் கொடுங்கள்" என்றார். எந்த யானை அதிகம் முரண்டு பிடிக்கிறதோ அதன் பக்கத்தில் உட்கார்ந்து மாடத்தி அதிக நேரம் பாடுவாள். மேற்குக் கொட்டிலுக்குப் பாட்டு எதற்கு? அங்கே அவள் போனதே இல்லை. இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

திருவிழாவுக்கு முன்னால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. குடவரிசை என்பார்கள். தேரோடும் வீதியில் தண்ணீர் நிரப்பிய மண்குடங்களை நெருக்கமாக வைத்துவிட்டு, பேரிகையை ஓங்கி அடிப்பார்கள். அந்தச் சத்தத்தில் குடத்தை உடைக்காமல் நடந்து வருகிற யானைதான் திருவிழாக் கூட்டத்தில் போகலாம். யானைக்குப் பொறுப்பேற்றவர் வரிசையின் கடைசியில் கையில் கரும்போடு நிற்க வேண்டும். யானை வந்து அந்தக் கரும்பை வாங்கித் தின்றால் முடிந்தது. தின்னாவிட்டால் என்ன ஆகும் என்பது யானையைப் பொறுத்தது.

அந்த வருஷம் குடவரிசையில் காடனை விட்டார்கள். பேரிகை ஒலித்ததுதான் தாமதம், குடம் ஒன்று மிஞ்சவில்லை. ஓடிய வேகத்தில் பந்தலைச் சாய்த்தான். பந்தலில் உட்கார்ந்திருந்த ராஜாவின் தம்பி கீழே விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. தம்பி என்றால் ராஜாவுக்கு உயிர். வைத்தியர் கட்டுப் போடும்போது தம்பி அலறிய அலறலில் ராஜாவின் முகமே மாறிப்போயிற்று. யார்மேலாவது பாய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார்.

அரங்கப்பர் இந்த நேரத்துக்காகத்தானே காத்திருந்தார்? மறுநாள் காலையில் அரண்மனை முற்றத்தில் கயிறு கட்டி, கிழக்கு யானைகளை ஒரு வரிசை, மேற்கு யானைகளை ஒரு வரிசை நிறுத்திவிட்டார்.

"மகாராஜா பார்க்க வேண்டும். இந்த வரிசைக்குத் தினமும் பாட்டு. இதில் சங்கிலி அறுக்காத யானை ஒன்றுகூட இல்லை. அந்த வரிசைக்குப் பாட்டே இல்லை. அதில் சங்கிலி அறுத்த யானை ஒன்றுகூட இல்லை. அதிகமாகப் பாட்டுக் கேட்டவன் காடன். மூர்க்கத்திலும் அவனே முதல்வன். அந்தப் பெண்ணின் பாட்டில் ஏதோ வினை இருக்கிறது. அவளைப் பாடச் சொன்னவர் யார் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை."

சபை முழுவதும் கூத்தனைத் திரும்பிப் பார்த்தது. ராஜா இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இது போதும். அமாவாசையன்று மாடத்தியின் நாக்கை அறுத்துவிடுங்கள், அதுவரை கொட்டில் பக்கம் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளையிட்டுவிட்டார்.

ஒரு படி அரிசி கிடைக்கட்டும் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை, ஒரு பெண்ணின் நாக்கில் வந்து நிற்கிறதே என்று கூத்தன் நொந்துபோனான். ஆனாலும் பழகிய வாய் சும்மா இருக்குமா? முன்னால் வந்து கும்பிட்டான். அரண்மனை வைத்தியர் அடிக்கடி போகிற வீடுகளை ஒரு வரிசையாகவும், அவர் எட்டிப் பார்க்காத வீடுகளை ஒரு வரிசையாகவும் வையுங்கள் மகாராஜா, வைத்தியர் போகிற வீட்டில்தான் சாவு அதிகம் இருக்கும், அவரையும் சேர்த்தே தண்டித்துவிடலாம் என்றான். சபையில் நாலைந்து பேர் வாய்க்குள் சிரித்தார்கள். வைத்தியர் முறைத்தார். ராஜாவின் உதடுகூட லேசாக அசைந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே தம்பி முனகுகிற சத்தம் கேட்டது. அசைந்த உதடு இறுகிப் போயிற்று.

"கூத்தா, இன்று எனக்கு வேடிக்கை வேண்டாம். பாட்டால் யானை அடங்கும் என்றால் கண்ணில் காட்டு. பாட்டுக் கேட்ட யானை ஒன்று, பாட்டுக் கேட்காத யானை ஒன்று. அமாவாசைக்கு முதல்நாள் இரண்டையும் குடவரிசையில் நடத்து. கேட்ட யானை குறைவாக உடைத்தால் அவள் நாக்கு தப்பும். இல்லாவிட்டால் அவள் நாக்கோடு உன் நாக்கும் போகும்."

அரங்கப்பர் லேசுப்பட்டவரா? கூத்தன் மேற்குக் கொட்டிலில் ஒரு பசுவைப் போன்ற யானையைப் பிடித்து, அதன் காதில் இரண்டு வரி பாடிவிட்டு, இதுதான் கேட்ட யானை என்று கொண்டுவந்துவிடுவானே என்று யோசித்தார். உடனே குனிந்து, கேட்ட யானை கிழக்குக் கொட்டில் யானையாகவே இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தார். ராஜாவும் தலையசைத்தார். கேட்காத யானை எந்தக் கொட்டிலிலிருந்து வர வேண்டும் என்று மட்டும் அரங்கப்பர் சொல்லவில்லை. அது மேற்கிலிருந்துதானே வந்தாக வேண்டும்?

கூத்தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே காவல்கூடத்துக்குப் போனான். மாடத்தி சுவரோரம் குந்தியிருந்தாள். அழுது அழுது தொண்டை கம்மிப் போயிருந்தது. கூத்தன் அவளிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். உன் பாட்டால்தான் யானை அடங்குகிறது என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும் சாமி. தழை உருவுறப்போ வாய் சும்மா இருக்காது, பாடுவேன். அதுக பாட்டுக்கு அடங்குதா, தின்ன அசதியில நிக்குதான்னு நான் கண்டனா. நான் எப்பவாச்சும் அப்படிச் சொன்னனா? நீங்கதானே போய்ச் சொன்னீங்க."

அந்தக் கடைசி வார்த்தை கூத்தனைக் குத்தியது. குத்தட்டும், அவன்தானே சொன்னான். பிறகு, காடன் பந்தலைச் சாய்த்த அன்றைக்கு என்ன பாட்டுப் பாடினாய் என்று கேட்டான்.

"அன்னைக்கு நான் எங்க பாடினேன். அதுக்கு நாலஞ்சு நாள் முந்தியே காய்ச்சல்ல சுருண்டு கெடந்தேன். எந்திரிக்கவே முடியல. இதையெல்லாம் யாரு சாமி எங்கிட்டக் கேட்டா?"

கூத்தன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஊரே கூடிக் கிழக்கை மேற்கோடு ஒப்பிட்டுப் பார்த்ததே தவிர, காடனைக் காடனோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே. பாட்டு இருந்த நாளில் இவன் எப்படி நின்றான், இல்லாத நாளில் எப்படி நின்றான்? கேட்க வேண்டிய கேள்வி அதுவல்லவா? ஆனால் ஒரே ஒரு காய்ச்சலை நம்பி இரண்டு நாக்கைப் பணயம் வைக்க முடியுமா? காடன் அன்று வேறெதற்காவது வெறி கொண்டிருக்கலாம். கூத்தனுக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாமலேதான் துணிந்தான்.

அமாவாசைக்கு முதல்நாள் வந்தது. வீதியெல்லாம் ஜனம். பந்தலில் ராஜா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தோளில் கட்டோடு தம்பி சாய்ந்திருந்தார். பந்தல் காலருகே ஒருவன் கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றான். கூத்தன் அந்தப் பக்கம் பார்க்காமலிருக்கப் பார்த்தான், முடியவில்லை.

அரங்கப்பர் தன் ஏற்பாட்டைக் கச்சிதமாகச் செய்திருந்தார். மேற்குக் கொட்டிலிலேயே பரம சாதுவான மங்களம் என்ற பெண் யானையைக் குளிப்பாட்டி, வயிறு முட்ட வெல்லமும் வாழைப்பழமும் கொடுத்து, நெற்றிப்பட்டம் கட்டித் தயாராக நிறுத்தியிருந்தார். போதாததற்கு, நாட்டிலேயே பெரிய பேரிகையை வரிசையின் கடைசியில் வைத்து, கிழக்கு யானை வரும்போது கை ஓயாமல் அடிக்கும்படி பேரிகைக்காரனிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

கூத்தன் ராஜாவைக் கும்பிட்டுவிட்டு அரங்கப்பர் பக்கம் திரும்பினான். கிழக்குக் கொட்டிலில் பாட்டுக்குப் போட்ட தடை சரியாக நடந்ததா என்று பணிவாகக் கேட்டான். அரங்கப்பருக்குப் பெருமை தாங்கவில்லை. என் ஆட்கள் இரவும் பகலும் காவல் இருந்தார்கள், அங்கே பாட்டு என்ன, ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை என்று ஊரறியச் சொன்னார். அப்படியானால் சரி என்று கூத்தன் கையைத் தட்டினான். பாகன் காடனைக் கொண்டுவந்து வீதிமுனையில் நிறுத்தினான்.

ராஜா, "பாட்டுக் கேட்ட யானையை முதலில் விடுகிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை மகாராஜா. இது பாட்டுக் கேட்காத யானை."

கூட்டம் சலசலத்தது. இரண்டு வருஷமாகக் கேட்ட யானையை வைத்துக்கொண்டு ராஜாவின் காதில் பூ சுற்றப் பார்க்கிறான் என்று அரங்கப்பர் சீறினார். கூத்தன் அவரைப் பார்த்து, ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை என்று இப்போது நீங்கள்தானே சொன்னீர்கள் என்றான். ராஜா புருவத்தை நெரித்தார்.

"நான் இரண்டு யானை கேட்டேன், கூத்தா."

"கேட்ட யானை ஒன்று, கேட்காத யானை ஒன்று என்பதே மகாராஜாவின் கட்டளை. காலையில் கேட்காத யானை இது. மாலையில் கேட்ட யானை வரும். அதுவும் கிழக்குக் கொட்டில் யானைதான், பிரதானியார் சொன்ன நிபந்தனையில் மாற்றமில்லை. அதற்கும் காடன் என்றுதான் பெயர். இரண்டும் தனித்தனி உடம்பில் வர வேண்டும் என்று கட்டளையில் ஒரு வார்த்தைகூட இல்லை."

விடு என்று ராஜா கையை அசைத்தார். கூத்தன் கரும்பை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான். பேரிகை அதிர்ந்தது. காடன் வந்த வேகத்தை என்னவென்று சொல்வேன்! குடங்கள் ஓடு ஓடாகப் பறந்தன. பாகன் காதைப் பிடித்துத் தொங்கினான். தும்பிக்கை தலைக்கு நேரே வருகிறவரைக்கும் கூத்தன் நின்றான். அதற்குமேல் நிற்க அவன் என்ன பைத்தியமா? கரும்பை எறிந்துவிட்டுப் பந்தல் காலில் அணில் மாதிரி ஏறிவிட்டான். சங்கிலி போட்டுக் காடனை இழுத்துக்கொண்டு போனபோது வீதியில் முழுக் குடம் ஒன்று இல்லை. கூத்தன் மேலேயிருந்து, மகாராஜா, கேட்காத யானையைப் பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

வெயில் சாய்ந்ததும் மாடத்தியைக் கிழக்குக் கொட்டிலில் காடனுக்கு எதிரே கொண்டுவந்து உட்கார்த்தினார்கள். ராஜாவே அங்கு வந்து நின்றார். கத்திக்காரனும் கூடவே வந்தான். மாடத்தி வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. இன்னொரு தரம் திறந்தாள். பாட்டு வரவில்லை. கண் கத்தியை விட்டு நகரவில்லை. காடன் சங்கிலியை இழுத்துக் கட்டுத்தறியை ஆட்டிக்கொண்டிருந்தான். இத்தனை நாள் பாடின வாய்க்கு இன்றைக்கு மட்டும் என்ன வந்தது என்று அரங்கப்பர் கேலி பேசினார்.

கூத்தன் சுற்றுமுற்றும் பார்த்தான். மாடத்தியின் இரண்டு கையும் மடியில் வெறுமனே கிடந்தன. அட, இவள் என்றைக்காவது சும்மா உட்கார்ந்து பாடியிருக்கிறாளா? ஓடிப்போய் ஆலந்தழைக் கட்டு ஒன்றைத் தூக்கிவந்து அவள் முன்னால் போட்டான். தாயி, பாட வேண்டாம், பசியோடு நிற்கிறான், தழையை மட்டும் உருவிப் போடு என்றான். அவள் ஒரு கிளையை எடுத்தாள். கை தானாக உருவியது. இரண்டாவது கிளை, மூன்றாவது கிளை. எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது.

"தழை உருவி உருவி என் கை காய்ச்சுப் போச்சு காடா,
தாயத் தேடி நின்ன காலு ஓஞ்சு போச்சு காடா,
மலையப் பார்த்து நின்னதெல்லாம் போதுமடா காடா,
மண்ணுல நான் இருக்கேனே, தின்னுடா நீ காடா."

கட்டுத்தறி ஆடுவது மெல்ல மெல்ல நின்றது. காதுகள் அசைந்தன. தும்பிக்கை நீண்டு, அவள் கையிலிருந்தே ஒரு கொத்துத் தழையை வாங்கிக்கொண்டது. கூத்தனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வீதியில் குடங்கள் இருக்கின்றனவே, ஆனந்தப்பட இது நேரமில்லை.

காலையில் வைத்தது போலவே குடம் வைத்தார்கள். காலையில் மிரண்டுபோயிருந்த பேரிகைக்காரன், அடக்கி வாசிக்கலாமா என்று அரங்கப்பரைப் பார்த்தான். கூத்தன் விடவில்லை. காலையில் அடித்த அதே பேரிகை, அதே இடம், அதே கை, அதே அடி என்றான். கரும்போடு அதே இடத்தில் போய் நின்றான். பேரிகை முழங்க, காடன் வந்தான். காதைச் சிலிர்த்தான், நின்றான், மறுபடியும் நடந்தான். நடுவழியில் சத்தம் உச்சத்துக்குப் போனபோது ஒரு உதறு உதறினான். ஒரு குடம் உடைந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. காடன் மிச்சக் குடங்களை விலக்கி நடந்து வந்து, கூத்தன் கையிலிருந்து கரும்பை வாங்கிக்கொண்டான்.

ஜனம் ஆர்ப்பரித்தது. அரங்கப்பர் மட்டும் அசரவில்லை. மங்களத்தை வீதியில் நடத்திக் காட்டினார். அவள் குடத்துக்கு வலிக்குமோ என்பது போல நடந்து போனாள். பாட்டே கேளாத மேற்கு யானை ஒரு குடமும் உடைக்கவில்லை, பாட்டுக் கேட்ட கிழக்கு யானை ஒன்றை உடைத்துவிட்டது, ஆக இன்னமும் மேற்கு வரிசைதான் உசத்தி என்றார். ராஜாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கூத்தனைப் பார்த்தார்.

"மகாராஜா, மங்களம் அரண்மனையில் பிறந்தவள், காடன் குழியில் விழுந்து வந்தவன். அந்த வித்தியாசம் பாட்டுக்கு முன்னாலும் இருந்தது, பின்னாலும் இருக்கும். காடனை மங்களமாக்குகிறேன் என்று நான் சொல்லவில்லை. காலைக் காடனும் மாலைக் காடனும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள்."

ராஜா யோசித்தார். அப்போது அரங்கப்பர் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். மாலையில் எந்த மிருகமும் களைத்துத்தான் போயிருக்கும், காடன் அடங்கியது பாட்டால் அல்ல, பொழுது சாய்ந்ததால் என்றார். சொன்னது பொறாமையில்தான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. ராஜா அதையும் தலையாட்டிக் கேட்டார். கத்திக்காரன் இன்னும் அங்கேயேதான் நின்றான்.

கூத்தன் பிரதானியாரை வணங்கினான். நல்ல யோசனை, நாளைக்கு மாற்றி நடத்திப் பார்த்துவிடலாம், காலையில் பாட்டு, மாலையில் பாட்டில்லை என்றான். ராஜா சம்மதித்தார். கூத்தன் நகரவில்லை.

"இன்னும் ஒன்று, மகாராஜா. பாட்டில்லாமலே மாலையில் காடன் அடங்கி வருவான் என்று பொறுப்பேற்பவர் பிரதானியார். பொறுப்பேற்றவர்தான் கரும்போடு நிற்க வேண்டும். வழக்கத்தை நாம் மீறக் கூடாது."

அரங்கப்பரின் முகம் சுண்டிப் போயிற்று. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

மறுநாள் அமாவாசை. காலையில் மாடத்தி தழை உருவிப் பாடிய பின்பு காடனை நடத்தினார்கள். குடத்தில் தண்ணீர் தளும்பியது, அவ்வளவுதான். பிறகு அவளைக் கொட்டிலை விட்டு அழைத்துவந்து பந்தலருகே உட்கார வைத்தார்கள். பகல் முழுக்கக் கொட்டிலில் மௌனம்; வேறு ஆள் தழை போட்டான், பாட்டு மட்டும் இல்லை. அரங்கப்பர் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று கேள்வி. மாலையில் வரிசையின் கடைசியில் கரும்போடு போய் நின்றார். பட்டு அங்கவஸ்திரத்தை இழுத்து இழுத்துப் போர்த்துக்கொண்டார். கூத்தன் மாடத்தியின் பக்கத்தில் நின்றுகொண்டான். வெளியே தைரியமாக நின்றானே தவிர, காலையில் கேட்ட பாட்டே இன்னும் காடனின் காதில் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் உதறிக்கொண்டுதான் இருந்தான். காடன் மட்டும் சாதுவாக நடந்து வந்துவிட்டால், அந்தக் கத்தி இரண்டு நாக்கை இன்றைக்கே பார்த்துவிடும்.

பேரிகை அதிர்ந்தது. முதல் குடம் தூள். இரண்டாவது, மூன்றாவது. காடன் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, மண்ணும் தண்ணீரும் தெறிக்க, நேரே கரும்பை நோக்கி வந்தான். அரங்கப்பர் கரும்பை விட்டார், அங்கவஸ்திரத்தை விட்டார், பிரதானி என்ற பதவியையும் விட்டார். பந்தலைப் பார்த்து ஓடிவந்துகொண்டே, தொண்டை கிழியக் கத்தினார்.

"பாடச் சொல்லுங்கள்! அம்மா மாடத்தி, பாடு, சீக்கிரம் பாடு!"

மாடத்தியின் முன்னால் ஒரு தழைக்கட்டு தயாராக இருந்தது. கூத்தன்தான் கொண்டுவந்து வைத்திருந்தான். அவள் ஒரு கிளையை உருவியபடி எழுந்து வீதியில் நடந்தாள், பாடிக்கொண்டே நடந்தாள். காடன் சுற்றிச் சுற்றி வந்தான், பெருமூச்சு விட்டான், பிறகு அங்கவஸ்திரத்தை மிதித்துக்கொண்டு நின்றுவிட்டான். அவள் கைத்தழையை நீட்டினாள், வாங்கிக்கொண்டான்.

ராஜா அரங்கப்பரைப் பார்த்தார். அவர் ராஜாவின் ஆசனத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். முதலில் சிரித்தவர் யார் தெரியுமா? ராஜாவின் தம்பி. தோளைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். தம்பி சிரித்ததைக் கண்டதும் ராஜாவும் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். கத்திக்காரனைப் பார்த்து, நீ வீட்டுக்குப் போ அப்பா என்றார்.

மாடத்திக்குப் பட்டும் பொன்னும் எடுத்துக் கொடுத்தார். தெரியாமல் செய்துவிட்டேன் அம்மா என்று வாய்விட்டே சொன்னார். அவள் வாங்கிக்கொண்டாள், கும்பிட்டாள், மற்ற யானைகளுக்கும் தழை போடணும் சாமி என்று கிளம்பிவிட்டாள். அரங்கப்பரை எந்த வரிசையில் நிறுத்துவது என்று ராஜா கூத்தனிடம் கேட்டார். அவரை யாரோடும் ஒப்பிட வேண்டாம், நேற்றைய அரங்கப்பரோடு மட்டும் ஒப்பிடுவோம், கொஞ்ச நாள் மாடத்திக்குத் தழை சுமக்கட்டும், மாறுகிறாரா என்று பார்ப்போம் என்றான் கூத்தன். அப்படியே ஆயிற்று.

கடைசியில் ராஜா தன் கையிலிருந்த கடகத்தைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டார். வேறு என்ன வேண்டும், கேள் என்றார். கூத்தன் மூக்குக்குக் கீழே சொறிந்துகொண்டே, இந்த மீசையை எடுத்துவிட உத்தரவு வேண்டும் என்றான்.

"மீசை வைத்த பிறகு உனக்கு வீரம் கூடவில்லையா, கூத்தா?"

"பந்தல் காலில் ஏறினேனே, மகாராஜா பார்க்கவில்லையா?"

ராஜா மறுபடியும் சிரித்தார். அன்றைக்கே தண்டோரா போட்டு மீசைக் கட்டளையை எடுத்துவிட்டார். மடைப்பள்ளி முழுக்க அன்று முடிதிருத்துகிறவருக்குக் கை ஓயவில்லை.

அரங்கப்பரைப் பற்றிக் கேட்கிறீர்களா? தழைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு காடனைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு தடவையும், யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கரகரத்த குரலில் மெல்லப் பாடிக்கொண்டே போவாராம். காடனும் தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருப்பானாம்.